தேவநேசனைத் தேடி வந்தவர்

நாகர்கோவிலில் சிஸ்டர் எமில்டா நடத்திவந்த மனநல ஆலோசனை மையத்தில் தேவநேசன் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தார். சிஸ்டரைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் உளவியல் கற்பித்தவர். பிறகு இறையியலும் படித்தவர். சிஸ்டரின் அருகில் அமர்ந்து, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்பது மட்டுமே இதுவரை அவருடைய வேலை.

ஒருநாள் மதியம் கேட்டார்.

"மனசைப் பத்திப் படிச்சாச்சு, கடவுளைப் பத்தியும் படிச்சாச்சு. என்னைத் தனியா எப்போ உக்கார விடுவீங்க, சிஸ்டர்?"

"இப்பவே. உள்ளே ஒருத்தங்க உங்களைத்தான் பாக்கணும்னு வந்திருக்காங்க."

தேவநேசன் கதவைத் திறந்தார். நாற்காலியில் அவர் மனைவி சுகிர்தா உட்கார்ந்திருந்தாள்.

"நீ எதுக்கு இங்கே வந்தே? வீட்டுல பேசக்கூடாதா?"

"வீட்டுல நீங்க கேக்க மாட்டீங்க. இங்கே வர்றவங்க பேசினா கேப்பீங்களாமே."

அவர் உட்காரவில்லை.

"காலையில நீங்க கிளம்பினப்புறம் நம்ம ஆல்பின் மொட்டைமாடிச் சுவர்மேல ஏறி நின்னான்," என்றாள். "கெஞ்சித்தான் இறக்கினேன். அப்பாகிட்ட சொல்லாதேங்கிறான். இப்போ என் தம்பி அவன்கூட இருக்கான்."

தேவநேசன் வகுப்பில் பேசுவதுபோல ஆரம்பித்தார்.

"இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு மன அழுத்தம்..."

சுகிர்தா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் வெளியே வந்தார்.

"சிஸ்டர், என்னால முடியாது. நீங்க பேசுங்க."

"அவங்க என்னைப் பாக்க வரலையே."

தேவநேசன் திரும்ப உள்ளே போனார். சுகிர்தா கதவருகே நின்றிருந்தாள்.

"உக்காரு," என்றார். "சொல்லு."

அவள் சொன்னாள். பரீட்சையில் தோற்றதை மகன் மறைத்து வைத்திருந்தது. அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வது. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே சாப்பிட வருவது. நடுவில் தேவநேசன் வாயைத் திறந்தார். அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் மீதியையும் சொன்னாள்.

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாசலில் தேவநேசன் திரும்பினார்.

"அவன்கிட்ட நான் என்ன சொல்லட்டும், சிஸ்டர்?"

"சொல்ல என்னென்ன வச்சிருக்கீங்களோ, அத்தனையும் என்கிட்ட சொல்லிட்டுப் போங்க."