மூக்கைத் தூக்குற வண்டி

அழுதது போதும். மூக்கைத் துடை. இன்னைக்கு டிராக்டர் மேல ஏறுனதுக்கு அப்பா ஏன் உன்னை அப்படி அறைஞ்சுச்சுன்னு அக்கா கதையா சொல்றேன். சித்தப்பா காலை முதலை கடிச்சிருச்சுன்னு அம்மா சொல்லுச்சே, அது பொய். நம்ம கண்மாயில ஏதுடா முதலை? நடுவுல கேள்வி கேக்காத. ம் மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் பேரு அடைக்கலம், தம்பி பேரு சோலை. ஆமா, அப்பாவும் சித்தப்பாவுந்தான். கதையில மரியாதை பாத்தா கதை நகராது, பேர் சொல்லித்தான் சொல்வேன்.

ரெண்டு பேருக்கும் சேத்து மூணு ஏக்கர் வயல். வருசா வருசம் உழவுக்கு வாடகை டிராக்டர்தான். அவன் ஊருக்கெல்லாம் உழுதுட்டு, நாத்து முத்திப் போனப்புறம் இவங்க வயலுக்கு வருவான். அப்போ அடைக்கலம் சொன்னான், "பழசோ கிழசோ, நமக்குன்னு ஒரு வண்டி வேணும்டா."

அப்புறம் ரெண்டு பேரும் பக்கத்து ஊருக்கு ஒரு பழைய வண்டியப் பாக்கப் போனாங்க. விடிஞ்சும் விடியாமப் போனாங்க. ஏன்னா விக்கிறவன் முன்னாடியே ஓட்டி எஞ்சினைச் சூடாக்கி வச்சிருவான், அப்போ எந்த ஓட்டை வண்டியும் டக்குனு கிளம்பிரும். அடைக்கலம் எஞ்சின் மூடியில கைய வச்சுப் பாத்தான். சில்லுனு இருந்துச்சு. சாவியத் திருப்பினான். கிர்ர்ர்... கிர்ர்ர்... டுக்கு டுக்கு டுக்கு! அப்புறம் புகையப் பாத்தான். நீலமா வந்தா எஞ்சின் ஆயிலக் குடிக்குதுன்னு அர்த்தம். நீலப்புகை இல்ல. அப்புறம் கலப்பையத் தூக்கி நிறுத்திட்டு, வண்டிய அணைச்சுட்டு டீ குடிக்கப் போனாங்க. திரும்பி வந்து பாத்தா, தூக்குன கலப்பை ஒரு விரக்கடை கூட எறங்கல, தூக்குற பம்பும் நல்லாத்தான் இருந்துச்சு.

மூணையும் பாத்தாங்க. மூக்கை மட்டும் பாக்கல.

ம் கொட்டு. தூங்கிட்டியா? ம்.

வண்டி மூக்குல நாலு ஓட்டை சும்மா இருந்துச்சு. அதுல நாலு இரும்புக் கட்டி மாட்டியிருக்கணும். பின்னாடி பாரம் இழுக்குறப்ப முன்பக்கம் தூக்காம அதுதான் அழுத்திப் பிடிக்கும். விக்கிறவன் அதக் கழட்டி எப்பவோ காயலான் கடையில போட்டுட்டான். வீட்டுக்கு வந்ததும் பூசை போட்டாங்க. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், நசுக்! சோலை என்ன பண்ணான் தெரியுமா? அந்த ஓட்டையில விட்டு சாமந்தி மாலையக் கட்டினான். "அண்ணே, மாலை கட்டவே ஓட்டை போட்டு வச்சிருக்கான் பாரேன்!"

அப்புறம் சேத்துல ஓட்டுறதுக்கு இரும்புச் சக்கரம் மாட்டணுமில்ல? வெல்டிங் பட்டறை தாவூது பாய்கிட்டப் போனாங்க. பாய் மாட்டிட்டு, முன்பக்கம் போய் நின்னாரு.

"அடைக்கலம், மூக்குல வெயிட்டு எங்கப்பா?"

"நடவு முடியட்டும் பாய், வாங்கிரலாம்."

"இந்தச் சக்கரம் சேத்துல கவ்வுச்சுன்னா மூக்கத் தூக்கும்பா."

சோலை அப்போ தொண்ணூறு கிலோ. வயித்தத் தட்டிக் காமிச்சான். "நான் இருக்கேன்ல பாய்? சோறு போட்டு வளத்த வெயிட்டு!"

எல்லாரும் சிரிச்சாங்க. பாயும் சிரிச்சாரு. எனக்கு அதுதான் ஆத்திரம்.

முதல் வயல்ல வண்டி எறங்குச்சு. சளக் சளக். மூக்கு ஒரு சாண் தூக்குச்சு. சோலை ஓடிப்போய் மூக்கு மேல தொப்புனு உக்காந்தான். அடங்கிருச்சு. அப்புறம் ரெண்டாவது வயல். முழங்கால் உசரம் தூக்குச்சு. "ஏய் குதிரை! ஏய் குதிரை!"ன்னு சோலை கத்துனான். அதுவும் அடங்கிருச்சு. அங்கயே நிறுத்தியிருக்கணும். ரெண்டு தடவை ஒண்ணும் ஆகலைன்னதும் மூணாவது தடவையும் ஆகாதுன்னு நெனச்சுட்டாங்க.

மூணாவது, கண்மாய் ஓரத்துப் பள்ள வயல். சக்கரம் கதக்குனு எறங்கி நின்னுருச்சு.

"எறங்குடா சோலை."

"நான் எறங்குனா தூக்கும்ணே. நீ மிதி."

அடைக்கலம் மிதிச்சான். ட்ரூம்ம்ம்! சக்கரம் சுத்தல. மூக்கு மேல போச்சு. ஆள் உசரம். சோலை வழுக்கி, சொத்துனு கீழ சேத்துல விழுந்தான். வண்டி இன்னும் மேல போகுது. இன்னும் ஒரு நொடி விட்டா மல்லாந்து அடைக்கலத்து மேலயே விழும். கிளட்ச்ச மிதிச்சா மூக்கு கீழ எறங்கும். கீழ தம்பி கெடக்கான்.

அடைக்கலம் கிளட்ச்ச மிதிச்சான்.

யாரா இருந்தாலும் மிதிச்சிருப்பாங்கடா. கால் தானா மிதிச்சிரும். சித்தப்பாவே அதத்தான் சொல்லுது. அப்பாதான் ஒத்துக்க மாட்டேங்குது.

சேறு மெத்துனு இருந்ததால உயிர் தப்புச்சு. ஒரு கால் மட்டும் முழங்காலுக்குக் கீழ தப்பல. ஆஸ்பத்திரியில இருந்து சோலை வீட்டுக்கு வந்தப்போ, வண்டி மூக்குல நாலு இரும்புக் கட்டி புதுசா தொங்குச்சு. சோலை ஒவ்வொண்ணா எண்ணிட்டுச் சொன்னான், "என் ஒருத்தன் வேலைக்கு நாலு பேரா அண்ணே?" யாரும் சிரிக்கல. அடைக்கலம் எந்திரிச்சு மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போயிட்டான். சாயங்காலம் வரைக்கும் வரல.

என்ன? கால் திரும்ப வளருமா? வளராது. கதையிலயும் வளராது.

இன்னைக்கு நீ அதே எடத்துல ஏறி உக்காந்து குதிரை குதிரைன்னு கத்துன. உனக்கு யாரும் சொல்லித் தரல, எல்லாப் பயலுக்கும் அது குதிரைதான். அப்பாவுக்கு அது அப்படி இல்ல. அடிச்ச கைய அப்புறம் அக்குள்ல வச்சு இறுக்கிக்கிட்டு நின்னுச்சே, நீ பாக்கல. நான் பாத்தேன்.

டொக்... டொக்... கேக்குதா? சித்தப்பா கம்பு. அப்பா பக்கத்துல போய் உக்காருது. ரெண்டும் சும்மா உக்காந்திருக்கும்.

வண்டியும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. இனிமே ம் கொட்டாத. தூங்கு.