வளையத்தைப் பிடித்தவர்கள்

விருந்தாளிகள் எட்டு மணிக்கு வருவதாக இருந்தது. ஏழு மணிக்கே குணபாலன் கடற்கரை மணலில் உட்கார்ந்து, வெள்ளை மிதவை வளையத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தமானில் அது ஒரு சின்னத் தீவு. நீச்சல் தெரியாதவர்கள் அங்கே இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, குழாய் வழியாக மூச்சு விட்டபடி பவளப்பாறை பார்ப்பார்கள். வழிகாட்டி கயிற்றால் வளையத்தை இழுத்துக்கொண்டு முன்னால் நீந்துவார். தொழில் அவ்வளவுதான்.

குணபாலனுக்கு நாற்பத்தெட்டு வயது. வேலை பார்த்த மரம் அறுக்கும் மில் மூடப்பட்ட பிறகு இங்கே வந்தவர். கற்றுக்கொடுத்தவள் சகாயராணி. அவரைவிடப் பதினேழு வயது சின்னவள். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"என்னண்ணே, மாடு கட்டப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் சகாயராணி.

அவர் சிரிக்கவில்லை. வளையத்தில் நான்கு சுருக்குகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு மணிக்கட்டு நுழையும்.

"செவ்வாய்க்கிழமை மாதிரி இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது மாஸ்டர்."

செவ்வாய்க்கிழமை, சேலத்திலிருந்து வந்த ஓர் அம்மா பாதி வழியில் வளையத்தை விட்டுவிட்டார். குணபாலன் திரும்பிப் பார்த்தபோது வளையம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நீரோட்டம் அந்த அம்மாவைப் பாறை விளிம்புக்கு அப்பால் கொண்டுபோயிருந்தது. படகில் இருந்த சகாயராணிதான் குதித்து இழுத்து வந்தாள். அந்த அம்மா வெகுநேரம் உப்புத் தண்ணீராக வாந்தி எடுத்தார். குணபாலன் அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் வெறும் வளையம் வந்தது.

"அலை அடிச்சு வளையம் கவிழ்ந்தா, கட்டின கையோட என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் சகாயராணி.

"அறுத்து விட்டுருவேன். கத்தி வெச்சிருக்கேன்."

"நாலு கையையுமா?"

அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. அவங்க கையை விடாம இருக்க நான் என்ன செய்யணும்? கரையில பத்து தடவை சொன்னேன், விடாதீங்கம்மான்னு. நல்லாத்தான் தலையாட்டினாங்க."

"எதுக்கு விட்டாங்கன்னு கேட்டீங்களா?"

"பயத்துலதான். வேற எதுக்கு விடுவாங்க."

சகாயராணி சுருக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

"எந்திரிங்க. இப்ப நீங்கதான் விருந்தாளி."

"எனக்கு எதுக்கு மாஸ்டர்? நான் விடமாட்டேன்."

"விடாதீங்க."

அவள் கயிற்றைப் பிடித்து முன்னால் நீந்தினாள். அவர் வளையத்தைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். மூன்று மாதமாக இந்தக் கடலில்தான் இருக்கிறார். கரையையும் படகையும் பார்த்தே பழகியவர், கீழே பார்த்ததில்லை.

குழாயில் அவருடைய மூச்சு ரம்பம் மாதிரி இழுத்தது. கீழே பாறைகள் நகர்ந்தன. திடீரென்று பாறை முடிந்தது. அதற்கப்புறம் தரையே இல்லை, நீலம் மட்டும். அவர் வளையத்தை மார்போடு இறுக்கினார். விரல்கள் மரத்துப்போயின.

சகாயராணி வளைந்து மறுபடி ஆழமில்லாத இடத்துக்கு இழுத்தாள். வெள்ளை மணல். வெயில் அதன்மேல் வலை வலையாக ஆடியது. மூச்சின் சத்தம் மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் அந்த மணல் எழுந்தது. எழுந்து, விளிம்புகளை மடக்கி விரித்து, மெல்ல நீந்திப் போனது. ஒரு திருக்கை மீன். முதுகிலிருந்து மணல் புகைபோலச் சரிந்தது.

அவர் விரலை நீட்டினார்.

ஓர் அலை முதுகைத் தள்ளியது. இரண்டு கையும் காலியாக இருந்தன. வளையம் எட்டாத தூரத்தில் மிதந்தது. நீச்சல் தெரிந்த மனிதர் நீச்சலை மறந்து வாய் நிறையத் தண்ணீர் குடித்தார். அதற்குள் ஒரு கை அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துவிட்டது.

கரை மணலில் உட்கார்ந்து இருமி முடித்தார். சகாயராணி காத்திருந்தாள்.

"எதுக்குண்ணே விட்டீங்க?"

"திருக்கை. உங்களுக்குக் காட்டலாம்னு."

"பாறை முடிஞ்ச இடத்துல விட்டீங்களா?"

அவர் உள்ளங்கைகளைத் திருப்பிக் காட்டினார். வளையத்தின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

ஜீப் வந்து நின்றது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி இறங்கியது. அந்தப் பெண் கடலைப் பார்த்ததும் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாட்டுக்கு விட்டுட்டேன்னா என்னண்ணா பண்றது?" என்று குணபாலனிடம் கேட்டாள்.

"இவ கரன்ட் கம்பியைப் பிடிச்ச மாதிரி பிடிப்பா, நீங்க கவலைப்படாதீங்க," என்றான் கணவன்.

குணபாலன் நீச்சல் கண்ணாடிகள் இருந்த பெட்டியைத் திறந்தார். கண்ணாடி எடுத்துத் தருவதுபோல சகாயராணி பக்கம் ஒதுங்கினார்.

"மாஸ்டர், நீங்க முன்னாலதானே போனீங்க. நான் விட்டதைப் பார்த்துட்டா திரும்பி வந்தீங்க?"

"விட்டதுக்கு அப்புறம் வந்தா எட்டாதுண்ணே."

"பின்னே எப்ப வந்தீங்க?"

"குழாய்ல உங்க மூச்சு ரம்பம் மாதிரி இழுத்துட்டே வந்துச்சு. அது நிதானமானதும் கயித்தைப் போட்டுட்டுப் பக்கத்துல வந்துட்டேன்."