இடப்பக்கக் கதவு

டக்.

காரின் நான்கு கதவுகளும் ஒரே ஓசையில் பூட்டிக்கொள்வதைத் தங்கையா முதன்முதலில் கேட்டது, மில் முதலாளி வீட்டில் டிரைவராகச் சேர்ந்த அன்று. என்ன மரியாதையான ஓசை என்று நினைத்தார்.

அந்த ஓசையின் மேல் வைத்த ஆசைதான், டிரைவர் வேலையை விட்டபின் அவரை எஸ்தரின் ஷெட்டுக்குக் கொண்டுவந்தது. கார் வயரிங் கற்றுக்கொள்ள வந்தார். எஸ்தருக்கு அவர் மகள் வயது இருக்கும். அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் குறையோடு வந்து நின்றார்.

“மாஸ்டர், இந்தக் கதவு என்னை ஏமாத்துது.”

வெள்ளைக் காரின் முன் இடப்பக்கக் கதவு. மற்ற மூன்றும் டிரைவர் பட்டனுக்குக் கட்டுப்பட்டன. இது மட்டும் பூட்டாது. ஃபியூஸ் பார்த்தார். மோட்டாரைப் புதிதாக மாற்றினார். ஷெட்டில் பூட்டியது. ஊருக்குள் போனதும் மறந்துவிட்டது. கார் திரும்பத் திரும்ப வந்தது.

“எங்கே உட்கார்ந்து பார்த்தீங்க, அண்ணே?”

“டிரைவர் சீட்ல.”

“ஏன்?”

காரில் வேறெங்கும் அவர் உட்கார்ந்ததே இல்லை.

எஸ்தர் இடப்பக்கச் சீட்டைக் காட்டினாள்.

உட்கார்ந்தார். இடது காலருகே ஒரு பிளாஸ்டிக் மூடி ஆடியது. அதன் பின்னால் கதவுக்குப் போகும் வயரின் சாக்கெட். கொக்கி உடைந்திருந்தது. இழுத்தால் கழன்றது. தள்ளினால் சேர்ந்தது.

மூடியின் மேல் மெல்லிய கீறல்கள். எல்லாம் கால்விரல் உயரத்தில்.

நிமிர்ந்தார். கார்க்காரரின் மனைவி நாச்சியார் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். கால்விரலில் வெள்ளி மெட்டி. அவர் மெட்டியைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

இறங்கி எஸ்தரிடம் போனார். குரலைத் தணித்தார்.

“கோளாறு தெரிஞ்சுட்டுது, மாஸ்டர். சாக்கெட் கழண்டிருக்கு.”

“நான் சாக்கெட்டைக் கேக்கலையே. கோளாறு என்னன்னு கேக்குறேன்.”

அதற்குள் கார்க்காரர் வந்துவிட்டார். காண்ட்ராக்டர் மந்திரமூர்த்தி. அவருடைய லாரிகள் எல்லாம் வயரிங்குக்கு இந்த ஷெட்டுக்குத்தான் வரும்.

அவர் எதையும் மறைக்கவில்லை. மனைவிக்குத் தென்காசியில் நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்திருக்கிறதாம். நாளைக்குள் சேர வேண்டுமாம். இன்று திசையன்விளையில் தன் தாயார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்றார். போன தடவை ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கதவைத் திறந்து இறங்கி நடந்துவிட்டாளாம். சிரித்துக்கொண்டே சொன்னார். கதவு பூட்ட வேண்டும். உள்ளே கையால் தூக்கித் திறக்கும் குமிழ் இருக்கக் கூடாது. தன் பட்டனுக்கு மட்டுமே அது திறக்க வேண்டும்.

எஸ்தர் சாக்கெட்டை அழுத்திச் சேர்த்தாள். குமிழைத் திருகிக் கழற்றினாள்.

“சொன்னா புரியுற பிள்ளை” என்றார் மந்திரமூர்த்தி.



“உட்காருங்க அண்ணே. டெஸ்ட் பண்ணணும்.”

உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து சாவியை அழுத்தினாள்.

டக்.

கை தானாகக் குமிழைத் தேடியது. ஒரு சின்ன ஓட்டை மட்டும் தட்டுப்பட்டது. அந்தப் பக்கம் டிரைவர் கதவு இருக்கிறது. ஆனால் டிரைவர் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால்?

கண்ணாடிக்கு வெளியே எஸ்தர் நின்றாள். குமிழ் அவள் உள்ளங்கையில் இருந்தது. அவள் அவசரப்படவில்லை.

பிறகு திறந்தாள். குமிழை அவர் கையில் வைத்தாள். ஸ்க்ரூடிரைவரையும் வைத்தாள். திரும்பி நடந்து, காண்ட்ராக்டரின் லாரி ஒன்றின் அடியில் புகுந்துகொண்டாள்.

மந்திரமூர்த்தி தங்கையாவின் தோளைத் தட்டினார். “நீ டிரைவரா இருந்தவன். முதலாளி சொன்னா மறுபேச்சுப் பேச மாட்டே. மூடியெல்லாம் போட்டுச் சட்டுனு முடி.”

தங்கையா குந்தி உட்கார்ந்தார். குமிழை அதன் இடத்தில் திருகினார்.

“ஏய், என்னவே செய்யுதே?”

கதவின் உள்பலகையைக் கழற்றினார். தானே மாட்டிய புது மோட்டாரைக் கழற்றினார். வயரின் முனையை டேப் சுற்றி மடக்கினார். பலகையைத் திரும்ப மாட்டினார். மோட்டாரை வேட்டி நுனியால் துடைத்து, மந்திரமூர்த்தியின் கையில் வைத்தார்.

“கோளாறை எடுத்துட்டேன், முதலாளி. இனிமே இந்தக் கதவு பட்டனுக்குப் பூட்டாது. உள்ளே இருக்கிறவங்க நினைச்சா பூட்டும்.”

“காரு யாருதுவே?”

“உங்களுது.”

“எம் லாரி ஒண்ணுகூட இனி இங்கே வராது.”

லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. “இதையும் எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி. ஹெட்லைட் மட்டும் எரியல. பகல்தானே.”

மந்திரமூர்த்தி மோட்டாரைத் தரையில் எறிந்தார். காரில் ஏறினார். ஹாரனை அழுத்திப் பிடித்தார்.

நாச்சியார் மெதுவாக வந்தாள். தங்கையாவைத் தாண்டும்போது நிற்கவில்லை. காரில் ஏறி, கதவைத் தானே சாத்திக்கொண்டாள். குமிழைத் தொடவில்லை.

கார் ரயில்வே கேட்டின் பக்கம் போயிற்று. கேட் மூடியிருந்தது.

நாச்சியார் இப்போது தென்காசியில் தலைமைச் செவிலியராக இருக்கிறார்.