கண்மலருக்குத் தங்கம்

"கொடுக்கிறேன்னு சொன்னதைக் கொடுக்கத்தானே ராப்பகலா பாடுபடறேன்? அப்புறமும் ஆத்தா ஏம்மா இரங்க மாட்டேங்கறா?"

வந்ததும் வராததுமாக மாசிலாமணி கேட்ட கேள்வி இது. கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

மலையடி மடத்து அம்மா முற்றத்தில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மாசிலாமணி அறுபதைத் தாண்டியவர். இருந்தாலும் அம்மாதான் குரு, மாசிலாமணிதான் சீடர். சீடன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

"எந்த ஆத்தா? என்ன கொடுக்கணும்?"

"மாரியாத்தாவுக்குக் கண்மலர்மா. தங்கத்துல."

கண்ணில் நோய் கண்டால் அம்மனுக்குக் கண் வடிவத்தில் தகடு சாத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். எல்லோரும் வெள்ளியில் சாத்துவார்கள். மாசிலாமணி தங்கத்தில் நேர்ந்துகொண்டார். மனைவி அஞ்சலை என்றால் அவருக்கு அவ்வளவு உயிர்.

"அஞ்சலைக்குக் கண்ணு இப்போ எப்படி?"

"எரிச்சல்மா. ஓயாம தண்ணி வடியுது. காலையில இமை ஒட்டிக்குது. போன ஆடி வரைக்கும் ஊசியில நூல் கோத்தவ. இப்போ எதிர்ல யாரு வர்றாங்கன்னு என்னைக் கேக்கறா."

மாசிலாமணி தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வைத்தியம் பாத்தீங்களா?"

"பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். சொட்டு மருந்து குடுத்தாங்க. என்ன வேலை செய்றீங்கன்னு டாக்டர் கேட்டாரு. சும்மா வீட்லதான் சார் இருக்கேன்னு சொல்லிட்டா."

"சும்மாவா இருக்காங்க?"

"உள்ளதைச் சொன்னா வீட்டைச் சோதிக்க ஆள் அனுப்பிடுவாங்களேம்மா" என்று முனகினார் மாசிலாமணி.

அவர் ஒரு காலத்தில் டிவி மெக்கானிக். கடை படுத்த பிறகு பழைய கம்ப்யூட்டர் போர்டுகளில் இறங்கினார். மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பார்கள். அந்தப் போர்டுகளின் ஓரத்தில் பல்வரிசைபோல் மின்னுவது மட்டும் பொன்தான். ஆனால் வெறும் பூச்சு, ஈ இறகுகூட அதைவிடத் தடிமன்.

போர்டுகளை வீட்டின் பின்கட்டில் ஆசிட்டில் ஊறவைப்பார். அடியிலிருக்கும் செம்பை ஆசிட் தின்றுவிடும். பொன் தோல் உரிந்து மிதக்கும். அள்ளி, அலசி, உருக்கினால் கடுகளவு தேறும். அதுவும் நல்ல நாளில்.

அஞ்சலைக்குக் கண் எரிய ஆரம்பித்ததும் நேர்ந்துகொண்டார். நேர்ந்துகொண்டதும் வேலையை இரட்டிப்பாக்கினார். தேறிய பொன்னில் குந்துமணிகூட விற்கவில்லை. எல்லாம் ஆத்தாவுக்கு.

"பொன்னு சேரச் சேர அவ கண்ணு மங்குதும்மா. ஆத்தாவுக்கு என்மேல என்ன கோவம்? குப்பையிலேருந்து எடுத்த பொன்னுன்னு முகம் சுளிக்கிறாளா?"

"குப்பையைப் பாத்து முகம் சுளிச்சா அவ மாரியே இல்ல."

"அப்போ நான் செய்றதுல என்னதான் குறை?"

அம்மா ஒரு புளியங்கொட்டையை முறத்தில் போட்டார்.

"நான் பாத்ததில்லையே. வெள்ளிக்கிழமை இங்க வந்து செஞ்சு காட்டுங்க. அஞ்சலையும் வரட்டும்."

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. குருவே பார்க்க வேண்டும் என்கிறார்! வேலை கோயில் காரியமாகிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். அஞ்சலை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். மாசிலாமணியின் கையில் மூடிய பிளாஸ்டிக் தொட்டி. போர்டுகளை வீட்டிலேயே ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

முற்றத்துப் புங்கமரத்தடியில் தண்ணீர் தெளித்துத் தொட்டியை வைத்தார். அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

அம்மா தன் பாயைத் தொட்டிக்குப் பக்கத்தில் விரித்தார்.

"அங்க வேணாம்மா. மூடியைத் திறந்தா புகை வரும்."

அம்மா பாயைச் சற்று நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிம்மா. காத்து அந்தப் பக்கம்தான் அடிக்குது."

அதோடு விட்டாரா? அவரே பாயைத் தூக்கிக்கொண்டு போய் மடத்து வாசற்படியில் விரித்து, குருவை அங்கே உட்காரவைத்தார். புங்கமரத்தில் மடத்து ஆடு கட்டியிருந்தது. அதையும் அவிழ்த்துக் கொண்டுபோய் வேலியோரம் கட்டினார்.

"வாயில்லா ஜீவன், பாவம்" என்றார்.

பிறகு மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி மூடியைத் திறந்தார். பச்சைத் தண்ணீரிலிருந்து நெடி கிளம்பியது. படிக்கட்டில் இருந்த அம்மாவுக்கே தொண்டை கமறியது.

மாசிலாமணி எட்டி நின்று ஒரு குச்சியால் தண்ணீரைக் கலக்கினார்.

அஞ்சலையை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே மடியிலிருந்த சின்ன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து தொட்டியருகே குந்தினாள். தினமும் உட்காரும் இடம்தானே. பொன் தோலை அள்ளுவது எப்போதும் அவள் வேலை. மாசிலாமணிக்குக் கை நடுங்கும், அவ்வளவு மெல்லியதை எடுக்க வராது.

அவள் தண்ணீரின்மேல் குனிந்தாள். பார்வை மங்கிவிட்டதால் முன்னைவிட நன்றாகவே குனிய வேண்டியிருந்தது.

"தெரியுதா அஞ்சல?"

"இருங்க... எரியுது... ஆங், வருது. ஒண்ணு மிதக்குதுங்க!"

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"பாத்தீங்களாம்மா?" என்று மாசிலாமணி பெருமையோடு படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார்.

படிக்கட்டில் அம்மா இல்லை.

அவர் எழுந்து வந்து அஞ்சலையின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கக் குந்தியிருந்தார். அவள் முகம் இருந்த உயரத்திலேயே தன் முகத்தையும் தொட்டியின்மேல் குனிந்து வைத்திருந்தார். கண்களை அகல விரித்திருந்தார்.

மாசிலாமணி பதறிப்போனார். கையிலிருந்த குச்சி கீழே விழுந்தது.

"ஐயோ, எந்திரிங்கம்மா! கண்ணு போயிடும்!"

அம்மா நிமிரவில்லை. அஞ்சலையும் நிமிரவில்லை.

"யாருக்கு?" என்று கேட்டார் அம்மா.