நிழலுக்குச் சாத்திய மாலை

மூளியனூர்க்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. செலவழிக்க மனசில்லாமல் அப்படியே வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் கோயில் மாலை முறை ஒச்சப்பனுக்கு வந்தது. கோபுர உச்சியிலிருந்து தரைவரை ஒரே மாலை. அளவு சரியாக இருந்தால் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். ஒரு முழம் குறைந்தாலும் அது அவன் மச்சான் வீரணனுக்குப் போய்விடும். வீரணன் தலையில் அதைப் பார்ப்பதைவிட ஊரைவிட்டே போய்விடலாம் என்றிருந்தது ஒச்சப்பனுக்கு.

வயல் அளக்க வந்த சர்வேயரிடம் போய் நின்றான்.

"சூரியன் நாற்பத்தஞ்சு டிகிரிக்கு வரும்போது உங்க நிழலும் உங்க உயரமும் ஒண்ணா இருக்கும். அந்நேரம் கோபுர நிழலை அளங்க. அதுதான் கோபுரத்தோட உயரம்" என்றார் அவர்.

மறுநாள் காலை ஊரே கூடியது. நிழல் தன் உயரம் வந்துவிட்டதா என்று பார்க்க, ஒச்சப்பன் அதன் மேலேயே நீட்டிப் படுத்தான்.

"நிழலைக் காணோமேப்பா!" என்றார் ஊர்த்தலைவர்.

"அடியில கெடக்கும். நசுக்கிப்புட்டான்" என்றான் வீரணன்.

ஒச்சப்பன் பதறி எழுந்தான். நிழல் வந்தது. படுத்தான். போய்விட்டது. அடுத்த தடவை அது ஓடிவிடாதபடி இரண்டு பேர் அதன் தலையை அமுக்கிப் பிடித்தார்கள். அப்படியும் போய்விட்டது. கடைசியில் ஒச்சப்பன் நிற்க, அவன் உயரமே உள்ள வீரணன் நிழல்மேல் படுத்தான். பொருந்தியது. ஓடிப்போய்க் கோபுர நிழலை அளந்தார்கள். அளவு சரியாகவே வந்தது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

திருவிழா அன்று காலையில் மாலை தயார். உச்சியில் ஏறத்தான் ஆளில்லை.

"எதுக்கு ஏறணும்? உயரத்தை எங்க அளந்தோம்?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"தரையில."

"அப்ப உயரம் தரையிலதானே கெடக்கு? மாலையை அங்கேயே சாத்திருவோம்."

ஊர் யோசித்துப் பார்த்தது. சரியாகத்தான் பட்டது.

அதே வெயில் வரும்வரை காத்திருந்து, கோபுர நிழல்மேல் மாலையை விரித்தார்கள். இம்மி பிசகவில்லை. ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பித் தலையைக் குனிந்தான்.

தலைவர் பரிவட்டத்தோடு வந்து நின்றார். "மாலை நிழலுக்குன்னா மரியாதையும் நிழலுக்குத்தானே?" என்று சொல்லி, ஒச்சப்பனுடைய நிழலின் தலையில் அதை வைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள்.

வெயில் ஏறியது. நிழல் சுருங்கி, தலை பரிவட்டத்தைவிட்டு விலகப் பார்த்தது. விலகினால் எடுத்துக்கொள்ள வீரணன் பக்கத்திலேயே குத்தவைத்துக் காத்திருந்தான். விடுவானா ஒச்சப்பன்? கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தான்.

உச்சிப்பொழுதில் பரிவட்டத்தின்மேல் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டிருந்தான்.

"யாரும் கிட்ட வராதீங்க! இப்பத்தான் தலையில சரியா உக்காந்திருக்கு!"