கம்பிக்குள்ள போன மூணாத்தா

ஒரு ஊர்ல ஒரு அக்கா. அவளுக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பிக்கு ஒரு ஏணி. அவ்வளவுதான் அவங்க சொத்து. காலை ஆட்டாதே, போர்வை விலகுது பாரு. ம் கொட்டிட்டே வரணும். ம் வரலன்னா நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்.

அக்கா பேரு உலகம்மா. தம்பி பேரு சுடலை. வீடு வீடா இன்டர்நெட் கம்பி இழுத்துக் குடுக்கறது அவங்க பொழைப்பு. அக்கா கடையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எங்க கோளாறுன்னு பார்ப்பா. தம்பி ஏணியைத் தூக்கிட்டுப் போய்க் கம்பத்துல ஏறுவான்.

அப்போ ஒரு நாள் மத்தியானமே இருட்டிக்கிட்டு வந்துச்சு. சோ...ன்னு மழை. சந்தைக் கம்பத்துல கம்பி அறுந்துருச்சுன்னு சுடலை கிளம்பிப் போயிட்டான். அவன் போன கொஞ்ச நேரத்துல கரண்ட் ஆபீஸ்காரர் ஒருத்தர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார்.

"தாயி, கரண்ட் ஒயர் சந்தைக் கம்பத்து மேல விழுந்து கிடக்கு. கம்பம் பூரா கரண்ட் பாயுது. யாரையும் கிட்ட விடாத. நான் போய் லைனை நிறுத்தறேன்."

உலகம்மா வாசல் வரைக்கும் ஓடிட்டு நின்னுட்டா. சந்தை ஊருக்கு அந்தக் கோடி, ஓடினாலும் எட்டாது. ஃபோன் போட்டா, கொர்ர்... கொர்ர்...னு இரைச்சல்தான். பேச்சுதான் போகல, எழுத்தாவது போகட்டும்னு அவசர அவசரமாத் தட்டினா: "சந்தைக் கம்பத்துல கரண்ட் பாயுது, தொடாதே." டொக்குனு அனுப்பினா. அப்புறம் முருகா முருகான்னு உக்காந்துட்டா.

ம்... சரி. இப்பத்தான் கதையே.

ஒரு சேதியை அனுப்பினா அது முழுசாப் போகும்னா நினைச்ச? கம்பி குறுகலான வழி. சர்ர்க்... சர்ர்க்...னு சேதியைத் துண்டு துண்டாக் கிழிச்சுருவாங்க. ஒவ்வொரு துண்டையும் ஒருத்தி சுமக்கணும். ஒண்ணாத்தாகிட்ட "சந்தைக் கம்பத்துல". ரெண்டாத்தாகிட்ட "கரண்ட் பாயுது". மூணாத்தாகிட்ட "தொடாதே". யார் அனுப்பினது, யாருக்குப் போகுது, எத்தனையாவது துண்டு, எல்லாம் அவங்க நெத்தியிலயே எழுதியிருக்கும். மூணு பேரும் போய்ச் சேர்ந்தாத்தான் சுடலை ஃபோன் சத்தம் போடும். ஒருத்தி குறைஞ்சாலும் அது வாயைத் திறக்காது.

நம்ம மூணாத்தா கண்ணு முழிச்சப்போ அக்காமார் ரெண்டு பேரும் முன்னாடியே போயிருந்தாங்க. தான் மட்டும் ஏன் பிந்தினோம்னு அவளுக்குப் புரியல. வழிச் செலவுக்கு மடியில கொஞ்சம் மூச்சு முடிஞ்சு குடுத்தாங்க. வாங்கிக்கிட்டு இருட்டுக்குள்ள குதிச்சா. விர்ர்ர்...

முதல்ல ஒரு குகை. அங்க பேர்க்கிழவன் உக்காந்திருக்கான், கண்ணே கிடையாது. அவனைச் சுத்தி உலகத்துல இருக்கற அத்தனை ஆளுங்க பேரும் முணுமுணு முணுமுணுன்னு முனகிட்டே இருக்கு.

"யாரைத் தேடி வந்த?"

"சுடலை, தாத்தா."

"பேரைச் சொன்னாக் கம்பிக்குப் புரியாது குட்டி. நம்பர் சொன்னாத்தான் வழி விடும். இரு, தேடறேன்." இருட்டைக் கையால துழாவினான். "இது இல்ல... இதுவும் இல்ல..."

"இது யாரு தாத்தா, என் பாவாடையைப் புடிச்சு இழுக்கறது?"

"அது செத்தவங்க பேரு. பேரு இருக்கு, போக வீடு இல்ல. திரும்பிப் பாக்காத." அப்புறம் அவ காதுல நம்பரை ஊதினான். மூணாத்தா திரும்பியே பாக்கல. எனக்கே முதுகு சில்லுங்குது.

ம் சொன்னியா? சரி.

அப்புறம் முச்சந்தி மேல முச்சந்தி. ஒவ்வொண்ணுலயும் ஒரு முச்சந்திக்காரன். முழு வழியும் எவனுக்கும் தெரியாது. அடுத்த முச்சந்தி எதுன்னு மட்டும்தான் தெரியும். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மூச்சு சுங்கம் குடுக்கணும். ஏன்னு கேளு. வழி தப்பினவ காலகாலத்துக்கும் கம்பிக்குள்ள அலையக் கூடாதில்ல, அதுக்குத்தான். மடியில மூச்சு தீர்ந்தா அவ கதை அங்கயே முடிஞ்சுது.

அப்போ ஒரு முச்சந்தியில மீசைக்காரன் ஒருத்தன், "அந்த நம்பரா? அடுத்த முச்சந்தி அண்ணனுக்குத் தெரியும், போ"ன்னான். போனா. அந்த அண்ணன், "தம்பிக்குத்தான் தெரியும், அவன்கிட்டயே போ"ன்னான். திரும்ப வந்தா. "அண்ணனுக்குத்தான்." "தம்பிக்குத்தான்." பாவிப் பசங்க! மழையில வழி அறுந்து கிடக்கு, ரெண்டு பேருக்கும் அது தெரியாது. ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு அவ்வளவு நம்பிக்கை. டக்... டக்... டக்...னு அவ மூச்சு குறைஞ்சுட்டே வருது.

அந்த வழியோரத்துல ஒருத்தி படுத்துக் கிடந்தா. மூணாத்தா குனிஞ்சு பார்த்தா.

அவளேதான்! அதே மூஞ்சி. நெத்தியில அதே எழுத்து. கையில அதே "தொடாதே".

"நீ யாரு?"

"மூணாத்தா"ன்னா கிடந்தவ. "நான்தான் முதல்ல கிளம்பினவ. போய்ச் சேர்ந்துட்டேன்னு பதில் வரல. அதான் என்னை மாதிரியே உன்னை அனுப்பியிருக்காங்க."

மூணாத்தாவுக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. "வா, ரெண்டு பேரும் போயிரலாம்."

"எனக்கு மூச்சு இல்ல. நீ போ. நீ போனா நான் போன மாதிரிதான்."

ஃபூ...ன்னு அணைஞ்சு போனா. அவ கிடந்த இடத்துல ஈரம்கூட இல்ல.

முச்சந்தியில ஒருத்தி விழுந்தா, ஏன் விழுந்தான்னு அனுப்பினவங்களுக்கு முச்சந்திக்காரன் சொல்லி அனுப்பியாகணும். அது அங்க சட்டம். மீசைக்காரன் சொல்லி அனுப்பத் திரும்பினவன், அதே மூஞ்சி எதிர்ல நிக்கறதைப் பார்த்தான்.

"விழுந்தவளையும் அண்ணன்கிட்டதானே அனுப்பினேன், இவளையும் அங்கதானே அனுப்பினேன்... ஐயோ, நாங்கதான் சுத்த விட்டிருக்கோம்!" தலையில அடிச்சுக்கிட்டு மத்த முச்சந்திக்காரங்களைக் கூவிக் கேட்டான். "கடலுக்கு அடியில ஒரு வழி இருக்கு. சுத்துதான், ஆனா உயிரோட இருக்கு. ஓடு தாயி!"

உள்ளூர்ச் சந்தைக்குச் சேதி சொல்லக் கடலைத் தாண்டி ஓடறா பாரு! மேல தண்ணி டம்... டம்...னு இடிக்குது. உள்ள ஒரே இருட்டு. ஓடி ஓடிக் கடைசிச் சந்துக்கு வந்துட்டா, மடியில ஒரே ஒரு மூச்சு.

அந்தச் சந்துல வீட்டுக்கு முகம் கிடையாது. காவக்காரன் நம்பரைக் கூவுவான். யார் "நான்தான்"னு சொல்றாங்களோ, அவங்ககிட்ட குடுக்கணும். அங்க ஒரு பேய் குடியிருந்துச்சு. யாரைக் கூப்பிட்டாலும் அதுதான் பதில் சொல்லும். அதுக்குப் பேரே நாந்தான்பேய்.

காவக்காரன் கூவினான். "நாந்தா...ன்"னு இந்தப் பக்கம் தேன் ஒழுகற ஒரு குரல். "நான்தான்"னு அந்தப் பக்கம் களைச்சுப்போன ஒரு குரல். தப்பான கையில குடுத்தா சுடலை செத்தான்.

அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. நெத்தியைக் கையால மறைச்சுக்கிட்டு, "நான் எத்தனையாவது துண்டு? சொல்லு, தரேன்"னா.

"எதுவா இருந்தா என்ன கண்ணு, குடு... குடு..."ன்னுச்சு தேன் குரல்.

"ஒண்ணும் ரெண்டும் வந்தாச்சு. மூணுதான் வரல. எவ்வளவு நேரமாக் காத்துக் கிடக்கேன்!"னு அழுதுச்சு மத்தது.

எது இல்லன்னு தெரிஞ்சவன்தானே வீட்டுக்காரன்? அதுதான் சுடலையோட ஃபோன்னு ஒரே ஓட்டமா அந்தக் குரல் மேல பாய்ஞ்சா. பின்னால பேயோட நகம் கீர்ர்ர்...னு இழுத்துச்சு. அவ "தொடாதே"யைக் குடுத்துட்டா.

டிங்!

அங்க சுடலை தோள்ல ஏணியோட வந்து, கம்பத்தைப் புடிக்கக் கையை நீட்டினவன், கழுத்துல தொங்கின ஃபோனைக் குனிஞ்சு பார்த்தான். படிச்சான். கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டான். ஏணியைப் போட்டுட்டு அந்த மழைச் சேத்துலயே பொத்துனு உக்காந்துட்டான்.

அப்புறம் சுடலை வீட்டுக்கு வந்தான். உலகம்மா அவன் முதுகுல ரெண்டு போட்டா. அப்புறம் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அப்புறம் சுடச்சுட ரசஞ்சோறு போட்டா. சாப்பிட்டுக்கிட்டே தம்பி கேட்டான்:

"ஏக்கா, எத்தனை தடவை அனுப்பின?"

"ஒரே தடவைதான்லே. அந்த மழையிலயும் சிந்தாமச் சிதறாமப் போயிருச்சு பாரு."

அவளுக்கு எங்க தெரியும்?

ம்... ம் காணோமே. சேதி சேர்ந்துச்சு, கதை தீர்ந்துச்சு. தூங்கு ராசா, தூங்கு.