கட்டாம விட்ட கம்பி

படுத்தாச்சா? கால ஆட்டாத. நீ ஆட்டுனா கட்டிலும் ஆடுது, அத்தையும் ஆடறேன். சொல்லச் சொல்ல ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுபோகும், தெரிஞ்சுதா?

ம்.

ஒரு தறி ஊர்ல ஒரு மெல்லிசுக் குரல்காரி இருந்தா. பேரு மயிலாத்தா. அந்த ஊர்ல ஊட்டுக்கு ஊடு தறி. டடக்கு டடக்கு டடக்குன்னு பகலும் ஓடும், ராத்திரியும் ஓடும். அதனால அங்க ஒருத்தருக்கும் மெதுவாப் பேசவே தெரியாது. "உப்பு எடு"ங்கறதையே, பக்கத்து ஊர்ல கெணத்துல உழுந்தவனக் கூப்புடறாப்ல "உப்ப்பூ எட்ட்டூ"ம்பாங்க. பாத்தியா, உங்கப்பனாட்டமே.

மயிலாத்தா குரலு மட்டும் நூலாட்டம். அவ பேசுனா அவ மூக்குத்திக்கே கேக்காது. அவ புருசன் சென்னியப்பன் பத்து வருசமா அவ வாயப் பாத்து, கைசாடையப் பாத்து, குத்துமதிப்பா தலையாட்டியே குடும்பம் நடத்தறான். அவ "ரசம் ஊத்தட்டுங்களா"ன்னா இவன் தலையாட்டுவான். "உங்க மண்டையில ஊத்தட்டுங்களா"ன்னாலும் ஆட்டுவான்.

ம்.

ஆனா மயிலாத்தா பாடுவா. தேன் மாதிரி பாடுவா. பழைய கீபோர்டு பொட்டி ஒண்ணு வாங்கி, தானா வாசிக்கவும் கத்துக்கிட்டா. அதை சென்னியப்பன் ஒரு தடவையாச்சும் காதால கேக்கணும். அவளுக்கு அது ஒண்ணுதான் ஆசை.

எப்படிக் கேப்பான்? வருசத்துல ஒரே ஒரு நாளு, மாரியம்மன் நோம்பி அன்னிக்கி, காலைல தேரு கெளம்பி நாலு வீதியும் சுத்தி நிலைக்கு வர்ற வரைக்கும்தான் தறி நிக்கும். தேரு வந்து நின்னுச்சா, அடுத்த நிமிசம் டடக்கு டடக்கு. அப்போ, அந்தத் தேரு சுத்தற நேரத்துல கோயில் மேடையில பாடறேன்னு பேரு குடுத்துட்டா.

அப்புறம் சவுண்டு செட்டுக்காரர் வந்தாரு. பேரு கொழந்தச்சாமி. ஆளு பீரோவாட்டம் இருப்பாரு. அவரும் முன்ன தறி ஓட்டுனவருதான். கீபோர்டுல இருந்து மிக்சருக்கு ஒரு ஒயரு வேணும்னு, அவரே உக்காந்து ஈயம் வெச்சு பத்தவெச்சு கொண்டாந்திருந்தாரு. மிக்சர்னா திங்கறதில்ல, பாட்ட ஸ்பீக்கருக்கு அனுப்பற பொட்டி, எந்திரிக்காத.

தேரு கெளம்புச்சு. டண்டணக்கா டண்டணக்கா. தறியெல்லாம் நின்னுச்சு. மேளம் வீதியத் தாண்டிப் போனதும் கோயிலடி கப்சிப். கொழந்தச்சாமி ஒயர சொருகுனாரு பாரு,

ங்ங்ங்ங்ங்ங்ங்.

பாட்டில்ல. ஸ்பீக்கரு. ஊர்ல இருக்கற வண்டு பூரா உள்ள பூந்து கல்யாணம் பண்ணுனாப்ல ங்ங்ங்ங்ங். மயிலாத்தா வாயத் தொறந்து பாடறா, ஒண்ணுமே கேக்கல. முன்னால உக்காந்திருந்த சென்னியப்பன் பழக்கதோசத்துல தலைய ஆட்டறான்.

ம்.

கொழந்தச்சாமி சொன்னாரு, "ஸ்பீக்கரு கோளாறு அம்மிணி." ரெண்டு தட்டு தட்டுனாரு, தொப்பு தொப்பு. வேற ஸ்பீக்கரு மாத்துனாரு. அதுவும் ங்ங்ங்ங்ங். தேரு மொத வீதிய தாண்டிருச்சு.

அப்போ அவரு ஒரு வேலை பண்ணுனாரு. நீ எந்தக் காலத்துலயும் பண்ணிப்புடாத. "எர்த்துதான் கத்துது"ன்னு, பிளக்கு ரெண்டையும் தொறந்து, கசியற கரண்ட மண்ணுக்கு எறக்கற கீபோர்டு எர்த்து ஒயரையும் புடுங்கி, மிக்சரு எர்த்து ஒயரையும் புடுங்கிட்டாரு. சத்தம் டக்குன்னு நின்னுச்சு. "பாத்தியா அம்மிணி, கை வெச்சா காரியம்"ன்னு மீசையத் தடவுனாரு.

மேடை கழுவி ஈரமா கெடக்குது. மயிலாத்தா வெறுங்காலோட நின்னு மைக்குல ஒதட்ட வெச்சா. சுர்ர்ருக்கு.

"யம்மோ"ன்னு நாலடி தள்ளி உக்காந்துட்டா. சென்னியப்பன் ஓடியாந்து தூக்குனான். "எர்த்தை மாட்டுய்யா மொதல்ல. என்ற பொண்டாட்டி உசுருய்யா"ன்னு கத்துனான். கொழந்தச்சாமி மூஞ்சி அவிச்ச சோளமாட்டம் ஆயிருச்சு. ரெண்டு எர்த்தையும் பழையபடி மாட்டுனாரு. மாட்டுன உடனே,

சொல்லு. என்ன சத்தம்?

ங்ங்ங்ங்.

அதேதான், கெட்டிக்காரி. தேரு மூணாவது வீதிக்கு வந்துருச்சு. டண்டணக்கா கிட்டத்துல கேக்குது. சென்னியப்பன், "வேண்டாம் புள்ள, ஊட்டுக்குப் போலாம் வா"ங்கறான். அவ தலைய இப்படி இப்படி ஆட்டிட்டு, கொழந்தச்சாமிகிட்டப் போயி, "ஏனுங்ணா, அந்த ஒயர கொஞ்சம் குடுங்"ன்னா. அவருக்குக் கேக்கல. புடுங்கிக்கிட்டா.

மிக்சரு பக்கத்து மூடியத் திருகுனா. உள்ள மூணு கம்பி. செவப்பு ஒண்ணு, கருப்பு ஒண்ணு, அந்த ரெண்டையும் சுத்தி சல்லடையாட்டம் பின்னுன வலைக்கம்பி ஒண்ணு. மாட்டறதுக்கும் மூணு காலு. மூணுக்கு மூணு, சரியாப் போச்சு. இந்தப்பக்கம் கீபோர்டு பக்கத்து மூடியத் திருகுனா, கம்பி மூணு, மாட்ட எடம் ரெண்டுதான். செவப்பு ஒரு எடத்துல, கருப்பு ஒரு எடத்துல. மிச்சமான வலைக்கம்பிய கருப்போட சேத்து முறுக்கி ஈயம் வெச்சிருந்தாரு.

அவரு காதுகிட்டப் போயி, "இத ஏனுங்ணா இங்க கட்டுனீங்?"

"நுனி தொங்குச்சு அம்மிணி. தொங்குனா கட்டாம விடுவாங்களா?"

அவரு மேல தப்பில்ல. தறிக்காரங்களுக்கு நூல் அந்துச்சுன்னா கை தானா முடிச்சுப் போட்டுரும். தூக்கத்துல கூட போர்வையில நூலத் தேடி முடிச்சுப் போடுவாங்க. ஆனா அந்த ஈயம் சரியா ஒட்டல. மயிலாத்தா லேசா இழுத்தா, வலைக்கம்பி படக்குன்னு வந்துருச்சு. சொருகிப் பாத்தா,

ஒண்ணுமில்ல. ங்ங்ங் சத்தமே இல்ல.

"ஐயய்யோ அந்துருச்சே"ன்னு கொழந்தச்சாமி கை பாஞ்சுபோயி முறுக்குச்சு. ங்ங்ங்ங். மயிலாத்தா பிரிச்சா. கப்சிப். அவரு கை மறுபடி போச்சு. ங்ங்ங்ங். பிரிச்சா. கப்சிப். மூணாவது தடவ கை போகறப்போ பொறங்கையில பட்டுன்னு ஒண்ணு போட்டா.

அப்பத்தான் அவருக்கு வெளிச்சம் வந்துச்சு. "அட அம்மிணி, கீபோர்டும் பிளக்கு வழியா மண்ணுக்குப் போவுது. மிக்சரும் போவுது. நான் இந்த வலைய ரெண்டு பக்கமும் கட்டி, அது ரெண்டையும் வட்டமாக்கி உட்டுட்டேன். கரண்டுச் சத்தம் அதுல ராட்டினம் சுத்திட்டு இருந்திருக்குது. ஒரு பக்கம் கட்டுனாப் போதும் போல, வெளிய இருந்து வர்ற சத்தத்த அது தடுத்துக்கும். பாட்டு செவப்புலயும் கருப்புலயும் போயிரும்."

ம்.

அப்புறம் அந்த நுனி எதுலயும் படாம டேப்பு சுத்தி உட்டாங்க. மூடி போட நேரமில்ல, தேரு நாலாவது வீதி. மயிலாத்தா கீபோர்டுல கை வெச்சா. முன்வரிசையில ஒரு அம்மா எந்திரிச்சு, "நுனி தொங்குதுங்க"ன்னு வெரலு ரெண்டையும் தேச்சுக்கிட்டே மேடைக்கு வருது. பின்னாலயே இன்னும் நாலு பேரு. அத்தன பேருக்கும் கை அரிக்குது. கொழந்தச்சாமி ஒயருக்கு முன்னால பீரோவா நின்னுக்கிட்டாரு. "யாரும் கட்டப்புடாது. தொங்கட்டும்."

அப்போ அவ பாடுனா. மெதுவா, நூல் ஓடறாப்ல. ஊரு மொத்தமும் அந்தப் பாட்ட கேட்டுச்சு. கடேசி வரி முடியறப்போ தேரு நிலைக்கு வந்துச்சு.

சென்னியப்பன் கண்ணத் தொடைச்சுக்கிட்டு மேடையேறி வந்தான். "ஏம்புள்ள, இந்தக் குரல்லதான் பத்து வருசமா எங்கிட்டப் பேசிட்டு இருந்தியா?"

அவ மைக்குலயே சொன்னா, "பேசலைங். திட்டிட்டு இருந்தேன்."

அவன் மைக்க அவ பக்கம் இன்னும் கொஞ்சம் நகத்தி வெச்சான். "செரி. அதயும் இனி மைக்குலயே திட்டு. ஒண்ணக்கூட நான் கேக்காம உட்டுறக்கூடாது."

எங்க, ம் காணோம்? தூங்கிட்டியா கண்ணு? செரி செரி. கதைக்கு வாய் மூடியாச்சு, உனக்குக் கண்ணு மூடியாச்சு, தூங்கு.